அடிக்கிறது ஆண்டவரா, அக்கம்பக்கமா?

பனியன் ஆர்டர் நின்னு போச்சா? தசமபாகத்துல கை வெச்சிருப்பீங்க. கல்யாணமாகி அஞ்சு வருஷமா குழந்தை இல்லையா? வாலிபத்துல ஏதோ ஒண்ணு நடந்திருக்கும், அறிக்கை செய்யாம விட்டிருப்பீங்க. டெங்கு வந்து ஜி.ஹெச்.ல படுத்திருக்கீங்களா? ஓவர்டைம் ஓவர்டைம்னு மூணு ஞாயித்துக்கிழமை சபைக்கு வரலையே, அவர் சும்மா விடுவாரா?

திருப்பூர் வீரபாண்டி மாதிரி பனியன் ஊர்ல, லைன் வீட்டு ஜெபக் கூட்டத்துலயும் ஷீட் போட்ட மொட்டைமாடி சபையிலயும் சர்வ சாதாரணமா புழங்குற பேச்சுங்க இது. சொல்றவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல. அன்பாத்தான் சொல்றாங்க, கையோட ஜெபக்குறிப்பும் எழுதிக்கிறாங்க. அதுதான் இன்னும் எரிச்சலா இருக்கு. (கோபமா சொன்னா சண்டையாவது போடலாம்.) ஆர்டர் நின்ன கதையையே எடுத்துக்கோங்க: 2025 ஆகஸ்டுல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டுச்சு. வெள்ளை மாளிகையில ட்ரம்ப் கையெழுத்துப் போட்டதுக்கு, இங்க கைமடி வேலை பாக்குற ஒரு அக்கா காணிக்கை குறைச்சுப் போட்டதுதான் காரணம்னா, அந்த அக்காவுக்கு இருக்கிற பவரு நம்ம ஏற்றுமதியாளர் சங்கத்துக்குக்கூட இல்லன்னுதான் அர்த்தம்!

சரி, கேலி போதும். கேள்வி நிஜமான கேள்வி. விசுவாசி பாவம் செஞ்சா ஆண்டவர் தண்டிப்பாரா மாட்டாரா? தமிழ்ச் சபைகள்ல இதுக்கு ரெண்டு கட்சி இருக்கு. பழைய கட்சி, "அடிப்பார், நல்லாவே அடிப்பார்"னு சொல்லும். புதுக் கட்சி கிருபை உபதேசக் கட்சி. சிங்கப்பூர் நியூ கிரியேஷன் சபையோட ஜோசப் பிரின்ஸ் பேரு அதுல அடிக்கடி அடிபடும். சிலுவையில எல்லாத் தண்டனையும் தீர்ந்துபோச்சு, இனி அப்பா அடிக்கவே மாட்டார்னு அவங்க சொல்வாங்க. கத்தோலிக்கர் கணக்கு தனி: பாவம் மன்னிக்கப்பட்டாலும் அதுக்கான தற்காலிகத் தண்டனை மிச்சம் இருக்கலாம்னு 16-ம் நூற்றாண்டு திரெந்து சங்கம் உறுதியா சொல்லிடுச்சு. அவங்களுக்கு நேரெதிரா, கடவுள் பழிவாங்குற நியாயத்தீர்ப்பு வேற, பிள்ளையைத் திருத்துற நியாயத்தீர்ப்பு வேறன்னு பிரிச்சவர் ஜான் கால்வின். நான் இந்த விஷயத்துல கால்வின் பக்கம். (மத்த விஷயத்துல எல்லாம் கேக்காதீங்க.)

நம்மூர்ல சொன்னா சட்டுனு விளங்கும். செக்கிங் டேபிள்ல ரெண்டு விதமா பீஸை எடுத்து வைப்பாங்க. ஒண்ணு ரிஜெக்ட், அதோட கதை முடிஞ்சுது, கட் பீஸ் கடைக்குப் போயிரும். இன்னொண்ணு ஆல்ட்டர்: தையலைப் பிரிச்சு, அதே லைனுக்குத் திருப்பி அனுப்பி, அதே டைலர் கையில சரியாகி வரும். தண்டனைங்கிறது முதல் வகை, கணக்கு முடிக்கிறது. கிறிஸ்துவுக்குள்ள இருக்கிறவங்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லைன்னு ரோமர் 8 ஆரம்பிக்கிறதே அந்தக் கணக்கைப் பத்தித்தான். ரெண்டாவது வகை சிட்சை. அது இருக்கு. அதை இல்லைன்னு சொல்ற கிருபைக் கட்சி, எபிரெயர் 12-ம் அதிகாரத்தை என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்குது.

ஆனா பழைய கட்சிக்கும் அந்த அதிகாரம் சாதகமா இல்லைங்க. இதைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன்.

"கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து..." ரகத்துல ஜெபக் கூட்டத்துல எடுத்து விடுற அந்தப் பகுதியை, யாருக்கு எழுதினதுன்னு பார்த்துட்டுப் படிங்க. ரெண்டு அதிகாரம் முன்னாடி, பத்தாம் அதிகாரத்துல, அவங்க யாருன்னு இருக்கு. விசுவாசத்துக்காக ஊர் நடுவுல அவமானப்பட்டவங்க. ஜெயில்ல கிடந்தவங்களுக்காகக் கூட நின்னவங்க. சொத்தை ஜனங்க சூறையாடினப்போ பொறுத்துக்கிட்டவங்க. அவங்க பட்ட கஷ்டத்துக்கு அவங்க பாவம் காரணம்னு அந்த நிருபம் எங்கயும் சொல்லல. அவங்க நல்லா நடந்ததுதான் காரணம்! அந்தக் கஷ்டத்துக்குத்தான் சிட்சைன்னு பேரு வைக்குது. இன்னும் ஒரு படி மேல போயி, அஞ்சாம் அதிகாரத்துல, பாவமே இல்லாத குமாரனும் பாடுகள் வழியாத்தான் கீழ்ப்படிதலைக் கத்துக்கிட்டார்னு இருக்கு. அப்போ சிட்சைக்கும் பாவத்துக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு கணக்கே கிடையாது. ஒருத்தர் சிட்சையில இருக்கிறார்ங்கிறதை வெச்சு அவர் தப்புப் பண்ணினவர்னு முடிவு கட்டினா, அந்த நிருபத்தை வாங்கின ஜனங்களையே அவமானப்படுத்துறோம்.

சிட்சை உண்டு, ஒத்துக்கிறேன். நடந்த கஷ்டத்தைப் பிடிச்சுக்கிட்டு, அங்கிருந்து பின்னாடி நடந்து போயி, "இன்ன பாவத்துக்கு இன்ன அடி"ன்னு அடுத்தவனுக்குக் கணக்கு எழுதுறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வேதத்துக்குள்ளயே அப்படி எழுதப் போனவங்க கதி என்ன ஆச்சு பாருங்க. பிறவிக்குருடனைப் பார்த்து, யார் செஞ்ச பாவம், இவனா பெத்தவங்களான்னு சீஷர்கள் கேட்டாங்க. ரெண்டு பேரும் இல்லன்னு பதில் வந்துச்சு. மெலித்தா தீவுல பவுல் கையில பாம்பு தொங்கினதும், இவன் கொலைகாரனாத்தான் இருக்கணும்னு ஜனங்க தீர்ப்பு எழுதினாங்க. அவர் சாகலன்னதும் அதே ஜனங்க அவரை தேவன்னுட்டாங்க. (தீர்ப்பு மாத்துற ஸ்பீடைப் பாருங்க!) யோபுவோட மூணு சிநேகிதர்களும் அத்தியாயம் அத்தியாயமா பேசினது இதையே: நீ எதையோ மறைக்கிற, இல்லாட்டி இப்படி ஆகாது. கடைசியில ஆண்டவர் கோபப்பட்டது யோபு மேல இல்ல, அந்த மூணு பேர் மேல. ஏழு காளை, ஏழு கடா பலி செலுத்துங்க, அவன் உங்களுக்காக வேண்டிக்குவான்னு அனுப்பி வெச்சார். யோபுவுக்குக் காரணமும் சொல்லல, கடைசி வரைக்கும்.

லூக்கா 13 இன்னும் கூர்மையானது. பலி செலுத்திக்கிட்டிருந்த கலிலேயர்களை பிலாத்து கொன்னான். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்க. முதல் சம்பவத்தைப் படிக்கிறப்பெல்லாம் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம்தான் கண்ணு முன்னாடி வருது. ஆராதனைக்கு வந்த நம்ம தமிழ் ஜனங்க, அதுல அத்தனை குழந்தைங்க, தற்கொலைக் குண்டுக்குப் பலியானாங்க. அந்தப் பெத்தவங்ககிட்டப் போயி "உங்க சபையில ஏதோ குறை"ன்னு யாராவது சொல்ல முடியுமா? சொல்லலாம்னு நினைக்கிறவங்களுக்கு இயேசு சொன்ன பதில் இருக்கு: செத்தவங்க மத்தவங்களை விடப் பெரிய பாவிகள் இல்ல. அதோட நிறுத்தல. கேட்டவங்களைப் பார்த்து, நீங்க மனந்திரும்புங்கன்னார். செத்தவனைக் காட்டி நீட்டின விரலைப் பிடிச்சு, நீட்டினவன் பக்கமே திருப்பி விட்டார்.

இந்தப் பின்னோக்கிக் கணக்கு எவ்வளவு பெரிய ஆளையும் சறுக்க வைக்கும்ங்கிறதுக்கு நம்ம மண்ணுலயே ஒரு சாட்சி இருக்கு. 1934 ஜனவரி 15-ல பீகார்ல பயங்கர நிலநடுக்கம், பத்தாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. அப்போ காந்தி தீண்டாமைக்கு எதிரான சுற்றுப்பயணமா தென்னிந்தியாவுல இருந்தார். ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலியில (ஆமா, இன்னைக்குத் திருப்பூர்ல தையல் மெஷின் முன்னாடி உக்கார்ந்திருக்கிற எத்தனையோ கிறிஸ்தவக் குடும்பங்களோட சொந்த ஊர்ப் பக்கம்) அவர் பேசினப்போ, அரிஜனங்களுக்கு நாம செஞ்ச, இன்னும் செஞ்சுக்கிட்டிருக்கிற பாவத்துக்குக் கடவுள் அனுப்பின சிட்சை அதுன்னார். நோக்கம் எவ்வளவு நல்ல நோக்கம் பாருங்க. தீண்டாமையை விடப் பெரிய பாவம் எது? ஆனா தாகூரால பொறுத்துக்க முடியல. அவரோட மறுப்பை காந்தியே தன்னோட 'அரிஜன்' பத்திரிகையில பிப்ரவரி 16-ந் தேதி போட்டு, பதிலும் எழுதினார். (இந்த நாகரிகம் இப்போ எத்தனை பேருக்கு இருக்கு?) தாகூர் எழுதினதுல எனக்கு ஆணி அடிச்ச மாதிரி பட்டது ஒண்ணு: இந்த வாதம் காந்தியை விட அவரோட எதிரிகளுக்குத்தான் நல்லாப் பொருந்தும். சனாதனிகள் எழுந்து, "இவர் தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பினதாலதான் பூமி பொளந்துச்சு"ன்னு சொன்னா, காந்தியோட கணக்குலயே அதுக்குப் பதில் கிடையாது. இடிபாட்டுல யார் பேரும் எழுதியிருக்காது. படிக்கிறவன் தனக்குப் பிடிக்காதவன் பேரைப் படிச்சுக்குவான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள் ஞாயித்துக்கிழமை, வேளாங்கண்ணிக் கடற்கரையில நின்ன யாத்ரீகர்களை சுனாமி கொண்டு போனதே, அதையும் இந்தக் கணக்கை வெச்சு யார் வேணா யாருக்கு எதிரா வேணா வாசிக்கலாம்.

இப்போ எதிர்க்கேள்வி வரும். வரட்டும்.

"அனனியா சப்பீராள் செத்து விழலையா?" விழுந்தாங்க. ஆனா அங்க நடந்ததோட வரிசையைப் பாருங்க. பொய் முதல்ல, அது வெளிய வந்தது அடுத்தது, சாவு அதுக்கப்புறம். யாரோ ஒருத்தன் செத்துக் கிடந்ததைப் பார்த்து, காணிக்கையில குறை வெச்சிருப்பான்னு பேதுரு யூகிக்கல. இன்னொண்ணு, இந்தக் கதையைச் சொல்லிக் காணிக்கை வாங்குறவங்க சத்தமே இல்லாம தாண்டிப் போற இடம்: நிலம் உன்னுது, வித்த காசும் உன் கையிலதான் இருந்துச்சுன்னு பேதுருவே சொல்றார். குடுக்காதது குத்தமில்ல, முழுசாக் குடுத்தேன்னு பொய் சொன்னதுதான் குத்தம். நாத்தான் தாவீதுகிட்ட வந்ததும் இதே வரிசைதான். ராஜா செஞ்ச கொலையும் விபசாரமும் நாத்தானுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு. எந்த வியாதியையும் பார்த்து அவர் துப்புத் துலக்கல. ஆகானையும் யோனாவையும் கொண்டு வருவீங்க. அங்க சீட்டு விழுந்துச்சு, ஆண்டவரே காட்டிக் குடுத்தார், அவங்களும் வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. அந்த மாதிரி நேரடி வெளிப்பாடு நமக்கும் இருக்குன்னு ஒரு ஊழியக்காரர் சொன்னா, அது வேற சண்டை.

நிஜமாவே கஷ்டமான எதிர்க்கேள்வி கொரிந்து சபை. முதல் கொரிந்தியர் 11-ல, உங்கள்ல பல பேர் பலவீனமாவும் வியாதியாவும் இருக்கிறதுக்கும், சிலர் செத்துப் போனதுக்கும் இதுதான் காரணம்னு பவுலே எழுதுறார். பார்த்தா, நான் கூடாதுன்னு சொன்ன பின்னோக்கிக் கணக்கு மாதிரியே இருக்கு. சரி, எதுக்காகன்னு கிட்டப் போயிப் பார்ப்போம். அந்தக் காலத்துல திருவிருந்து ஒரு முழுச் சாப்பாடு. வசதியானவர் வீட்டுல கூடுவாங்க. வேலைவெட்டி இல்லாத பணக்காரங்க சாயங்காலமே வந்து உக்கார்ந்து, கொண்டு வந்ததைத் தின்னு, குடிச்சு வெறியேறிப் போயிருப்பாங்க. அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடிஞ்சு வந்து சேர்றப்போ ஒண்ணும் மிச்சம் இருக்காது, பசியோட நிப்பாங்க. கெர்ட் தைசன் மாதிரி ஆய்வாளர்கள் 1970-கள்ல இருந்து அந்தப் பகுதியை இப்படித்தான் வாசிக்கிறாங்க. பவுலும் இல்லாதவங்களை வெட்கப்படுத்துறீங்கன்னு வெளிப்படையாவே திட்டுறார். ஷிப்டு முடிஞ்சு ராத்திரி எட்டரைக்கு ஓடி வர்ற நம்ம ஊர் டைலரை நினைச்சுக்கோங்க, அப்படியே பொருந்தும்.

இப்போ கவனிங்க. பாவம் எதுன்னு பவுல் வியாதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கல. அது ஏற்கெனவே ஊரறிஞ்ச சங்கதி. அதைவிட முக்கியம், வியாதியாப் படுத்திருக்கிற இன்னார்தான் முன்னாடியே தின்னவர்னு அவர் சொல்லவே இல்ல. நீங்கன்னு மொத்த சபையையும் சொல்றார். படுத்திருக்கிறது பட்டினி கிடந்த கூலியாளாக்கூட இருக்கலாம்! பரிகாரமும் படுக்கையில கிடக்கிறவனுக்கு இல்ல, சாப்பாட்டு மேசையில உக்கார்ந்தவனுக்கு: ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்க. இதையும் ஆக்கினைன்னு சொல்லாம, உலகத்தோட சேர்ந்து ஆக்கினைக்கு உள்ளாகாம இருக்கக் குடுத்த சிட்சைன்னுதான் முடிக்கிறார். இந்தப் பகுதியை வெச்சு, லைன் வீட்டுல காய்ச்சல்ல படுத்த ஒரு பெண்ணைப் பார்த்து "அபாத்திரமாப் பந்தியில சேர்ந்தீங்களா சிஸ்டர்?"னு கேக்கிறது, எழுதினதைத் தலைகீழாப் படிக்கிறது.

எனக்கு இதுல விரல் எந்தப் பக்கம் நீளுதுங்கிறதுதான் பெரிய விஷயமாப் படுது. வேதத்துல குத்தச்சாட்டு மேல நோக்கிப் போகும்: ராஜாவுக்கு, பணக்காரனுக்கு, ஆசாரியனுக்கு. நம்ம தெருவுல அது கீழ நோக்கி வரும்: குழந்தை இல்லாதவளுக்கு, கடனாளிக்கு, நோயாளிக்கு. தசமபாகத்துக்கு எல்லாரும் எடுக்கிற மல்கியா மூணாம் அதிகாரத்தையே எடுத்துக்குவோம். எட்டாம் வசனத்துல ஆரம்பிப்பாங்க. அஞ்சாம் வசனம் என்ன சொல்லுது? கூலிக்காரனோட கூலியில கை வைக்கிறவனுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குறவனுக்கும் எதிரா ஆண்டவரே சாட்சி சொல்ல வருவார்னு சொல்லுது. சுமங்கலித் திட்டம்னு மங்களகரமாப் பேரு வெச்சு, மூணு வருஷம் முடிச்சாத்தான் மொத்தப் பணம், நடுவுல போனா ஒண்ணுமில்லன்னு கொங்குப் பக்கத்து ஸ்பின்னிங் மில்லுங்கள்ல சின்னப் பொண்ணுங்களை வேலை வாங்கின காலத்துல, இந்த அஞ்சாம் வசனத்துக்கு எத்தனை உபவாசக் கூட்டம் நடந்துச்சு?

"சரி, விதைக்கிறதைத்தானே அறுக்கணும்?" வாஸ்தவம். குடிச்சா ஈரல் போகும், அதுக்குத் தரிசனம் தேவையில்ல. ஆனா அந்த விதியும் ஆளுக்கு ஆள் கச்சிதமா நடக்கிறதில்லன்னு நொய்யல் ஆத்தைப் பார்த்தாலே தெரியும். சாயத்தண்ணியை விட்டது நாம, திருப்பூர்க்காரங்க. அது போயித் தேங்கினது ஒரத்துப்பாளையம் அணையில. பாசனத்துக்குன்னு 1992-ல கட்டின அணை சாயக்குட்டை ஆயிப்போச்சு. கிணறு உப்பாகி, காடு கெட்டது கீழ இருந்த விவசாயிக்கு. 2011 ஜனவரி 28-ல சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேல சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னப்பவும், முதல்ல சோத்துக்கு அலைஞ்சது தினக்கூலிதான். விதைச்சவன் ஒருத்தன், அறுத்தவன் இன்னொருத்தன். அந்த விவசாயியோட செத்த தென்னையைப் பார்த்து அவன் பாவத்தைக் கணக்குப் போட்டா எப்படி இருக்கும்?

தாவீதோட குழந்தை கதையை மட்டும் என்னால வழுவழுன்னு ஆக்க முடியாது. பாவம் மன்னிக்கப்பட்டதுன்னு நாத்தான் சொல்லிட்டார். அதுக்கப்புறமும் ஏழாம் நாள் குழந்தை செத்துடுது. மன்னிப்பு வேற, விளைவு வேறன்னு சொல்லலாம். சொன்னாலும் அந்தக் குழந்தை என்ன பண்ணுச்சுங்கிற கேள்வி நிக்கும். பிதாவோட அக்கிரமத்தைப் பிள்ளை சுமக்காதுன்னு எசேக்கியேல் 18 சொல்றதையும் பக்கத்துல வெச்சாகணும். ரெண்டும் ஒரே புத்தகத்துலதான் இருக்கு. அதை நேராக்கிக் காட்டுறேன்னு யாராவது வந்தா, பக்கத்து வீட்டுக்காரங்களோட கருச்சிதைவுக்கும் அவர்கிட்ட ஒரு காரணம் தயாரா இருக்கும்னு எனக்குச் சந்தேகம் வந்துடும்.

கடைசியா ஒண்ணு, எல்லாரும் கேக்கிறது: "பயம் இல்லன்னா ஜனங்க கெட்டுப் போயிட மாட்டாங்களா?" ரோமர் 6-ல பவுல்கிட்டயும் இதைத்தான் கேட்டாங்க, அதனால புதுக் கேள்வி இல்ல. பயத்துக்கு மனுஷனை ஒளிய வைக்கத்தான் தெரியும், திருத்தத் தெரியாது. வியாதின்னு சொன்னா பாவத்தைத் தேடுவாங்கன்னு தெரிஞ்சவங்க, டி.பி.யை மறைப்பாங்க, மனச்சோர்வை மறைப்பாங்க, கந்துவட்டிக்கு வாங்கினதை மறைப்பாங்க. சாட்சி சொல்ற நேரத்துல மட்டும் எழுந்து நின்னு எல்லாம் நல்லா இருக்குன்னுட்டு உக்கார்ந்துக்குவாங்க. தன் மனசுக்குள்ள, இது எனக்கான சிட்சைதான்னு ஒருத்தருக்குத் தோணுறது வேற விஷயம். யோசேப்பை வித்த அண்ணன்மாருக்கு எகிப்துல அப்படித் தோணுச்சு, நியாயமாவும் தோணுச்சு. அதை அவங்களே அவங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லல.

வியாதிக்காரர் வீட்டுல என்ன செய்யணும்னு யாக்கோபு அஞ்சாம் அதிகாரம் தெளிவாச் சொல்லுது. மூப்பரைக் கூப்பிடணும், எண்ணெய் பூசணும், ஜெபம் பண்ணணும். பாவம் செஞ்சவனா இருந்தா மன்னிக்கப்படும்னு வருது. 'இருந்தா'ன்னுதான் வருது, அதனால இருக்குன்னு வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. அதுக்கு அடுத்த வரி, ஒருத்தருக்கொருத்தர் குத்தங்களை அறிக்கை செய்யுங்கன்னு இருக்கு. ஒருத்தருக்கொருத்தர்னா, படுத்திருக்கிற சிஸ்டர் சொல்லி முடிச்சதும் எண்ணெய்ப் பாட்டிலோட வந்த ஐயாவும் தன்னோடதைச் சொல்லணும். அதே அதிகாரத்தோட ஆரம்பத்துல பிடிச்சு வெச்ச கூலியைப் பத்தி நாலாம் வசனம் இருக்கு. ஐயா சொல்லி முடிச்சதும், அவர் கூட வந்த கம்பெனி ஓனர் பிரதர் அதுல இருந்து ஆரம்பிக்கலாம்.